ஒற்றைக்குழல் துவக்கு

கல்முனைக்கு மேற்கே, வட்டைகளில் பெரும்போக நெல் குடலையாகும் காலத்தில் காவல் வாடிகளில் இரவெல்லாம் ஆள் விழித்திருக்கும். பன்றிக் கூட்டம் ஒரு தரம் இறங்கினால் தின்பதைவிட உழக்கி நாசமாக்குவதே அதிகம். வாடிக் கப்பில் சாய்ந்திருக்கும் பழைய ஒற்றைக்குழல் துவக்கின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அது பன்னிரண்டாம் நம்பர். குழல்வாய்க்குப் பொருந்தும் ஈயக்குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல். பெயர் வந்த கணக்கு அதுதான். உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர். நெம்பை அழுத்தக் குழல் மடியும், தோட்டாவை இட்டு நிமிர்த்தினால் வேலை முடிந்தது. மடித்துத் தோளில் போட்டபடி வரம்பில் ஒருவர் வந்தால் அது வெடிக்காது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஒழுங்கு எனக்குப் பெரிய அழகு.

இப்போது இளசுகள் எடை குறைந்த புது ரைபிள்களைப் புகழ்கிறார்கள். கைக்கு இலேசு, குறியும் துல்லியம், மறுக்கவில்லை. ஆனால் சின்ன .22 ரவைகூட ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். நம்முடையதோ மேடில்லாத தட்டை நிலம். அடுத்த வாடியில் யாருடைய வாப்பாவோ படுத்திருப்பார். துவக்கின் சன்னம் சிதறி, அதற்கு வெகு முன்னரே சோர்ந்து விழுந்துவிடும்.

பன்றி ஹராம் என்பதால் இங்கே இறைச்சி ஆசைக்கு இடமில்லை. பல இரவுகளில் சத்தமே போதும். யானைக்கோ துவக்கைத் தொடவே கூடாது, அதற்கு யானைவெடி இருக்கிறது.

வட்டைக் காவலுக்கு இதுவே போதும். 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த அனுமதிப்பத்திரத்தை மட்டும் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.