பெயரெழுதாக் கற்கள்: காஜாங் வட்டாரமும் போர் நினைவுச் சின்னங்களும்

முன்னுரை

இளங்கலை மாணவர்க்குத் தொல்காப்பியப் புறத்திணையியலை நடத்துங்கால், வெட்சித் திணையை ஒட்டி வரும் நடுகல் துறைகளை விளக்குவது நம் வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளையும் கரும்பலகையில் எழுதிய ஒரு நாள், காஜாங் வட்டாரத்துப் பழைய தோட்டமொன்றில் பிறந்த மாணவி ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். ஜப்பானியர் காலத்தில் தம் பூட்டனார் சயாமுக்கு இரயில் பாதை போடச் சென்று திரும்பவேயில்லை. அவருக்கு நட்ட கல் எங்கே இருக்கிறது என்பதே அவ்வினா. நாம் அன்று விடையளிக்கவில்லை. விடை தெரியாமையினால் அன்று, விடை தெரிந்திருந்தமையினாலேயே.

அவ்வினாவை முன்வைத்துக் காஜாங் நகரை உள்ளடக்கிய உலு லங்காட் மாவட்டத்து மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள போர் நினைவுச் சின்னங்களையும், அவற்றின் இடத்தை நிரப்ப முயன்ற மலேசியத் தமிழ் நாவல்களையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல் தரும் அளவுகோல்

நினைவுச் சின்னங்களை மதிப்பிட மேலைநாட்டுக் கோட்பாடுகள் பல உள. எனினும், நம் இலக்கண மரபே போதிய அளவுகோலைத் தருகின்றது. நடுகல்லுக்கு இன்றியமையாதவை மூன்று. ஒன்று, மாண்டவனின் பெயர். இரண்டு, கல் ஊன்றிய இடம். மூன்று, ஆண்டுதோறும் வந்து படைக்கும் சுற்றம். இம்மூன்றில் ஒன்று குறையினும் நடுகல் வெறுங் கல்லாகிவிடும்.

நடுகல் போர்மறவனுக்கு மட்டுமே உரியது, தோட்டப் பாட்டாளிக்கு எப்படிப் பொருந்தும் என்று தடை எழுப்புவார் உளர். அத்தடைக்கு இளங்கோவடிகளே விடை தந்துள்ளார். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை ஆகியவை தொல்காப்பியத் துறைப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. ஆயின் அக்கல் வாளேந்திய வீரனுக்கு நடப்பட்டதன்று. அரசின் பிழையால் அனைத்தையும் இழந்த ஒரு பெண்ணுக்கு நடப்பட்டது. அநீதிக்கு ஆளானவர்க்கும் கல் உரியது என்பதைத் தமிழ் மரபு அன்றே ஏற்றுக்கொண்டது.

கல்வெட்டுச் சான்று இதனினும் கூர்மையானது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கருந்தேவகத்தி என்னும் வீரனைக் குறிப்பதோடு அமையவில்லை. கள்வரைக் கடித்து அவனுடன் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் உருவத்தையும் பொறித்துள்ளது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதிய இனம், 20-ஆம் நூற்றாண்டில் மாண்ட தன் பாட்டன்மாரின் பெயரை ஏட்டிலும் எழுதாமல் விட்டது. இம்முரணே இக்கட்டுரையின் மையம்.

தலைநகரத்துக் கற்கள்

காஜாங்கிலிருந்து மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் செல்லுமிடம் கோலாலம்பூர் ஏரித் தோட்டப் பகுதியாகும். அங்கே இரு சின்னங்கள் அடுத்தடுத்து உள்ளன. முதலாவது, முதல் உலகப் போரில் மாண்டோர்க்காக ஆங்கிலேயர் எழுப்பிய தூண். முதலில் இரயில் நிலையத்துக்கு அருகில் நின்ற அது, 1964-ஆம் ஆண்டில் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளும் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தின் ஆண்டுகளும் பின்னர் அதிற் சேர்க்கப்பட்டன. இலண்டன் மாநகரத்துத் தூணை முன்மாதிரியாகக் கொண்ட இதனை ‘வெற்றுக் கல்லறை’ என்பது பொருந்தும். உடல் வேறெங்கோ கிடக்க, நினைவை மட்டும் இங்கு நிறுத்தும் முறை இது.

இரண்டாவது, 1966-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னம். துங்கு அப்துல் ரகுமான் அமெரிக்காவில் கண்ட கடற்படை வீரர் நினைவுச் சின்னத்தால் ஈர்க்கப்பட்டு, அதனை வடித்த பெலிக்ஸ் டி வெல்டன் என்பவரையே இதற்கும் அமர்த்தினார். ஏழு வெண்கல உருவங்கள்; ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். 1975-இல் குண்டுவெடிப்பால் சிதைவுற்றுப் பின்னர் சீர்செய்யப்பட்டது. அவ்வுருவங்கள் தலைமை, துன்பம், ஒற்றுமை, விழிப்பு, வலிமை, துணிவு, தியாகம் என்னும் பண்புகளைக் குறிப்பன என்பர். பண்பைக் குறிக்கும் உருவத்துக்குப் பெயர் தேவையில்லை. இங்கே மாண்டவன் தனிமனிதனாக அன்றிக் குறியீடாக நிற்கின்றான். நாட்டுக்கு அது போதும், குடும்பத்துக்குப் போதாது. மேலும், ஜூலை 31-ஆம் நாள் நடைபெறும் வீரர் நாள் சடங்கு 2010 முதல் புத்ராஜெயாவுக்கு மாற்றப்பட்டது. நடுகல் நோக்கில் கூறின், பெரும்படையும் வாழ்த்தும் அக்கல்லை விட்டு நீங்கின.

சமூகங்கள் தாமே எழுப்பிய சின்னங்களும் உள. சீனப் போருக்கு வண்டியோட்டவும் பழுதுபார்க்கவும் சென்று மாண்ட மலாயாச் சீனத் தொண்டர்க்குக் கோலாலம்பூர் குவோங் தோங் இடுகாட்டில், போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே கல் எழுந்தது. அவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. முன்னோர் வழிபாட்டு நாளில் இடுகாட்டுக்குச் செல்லும் பழக்கம், கல்லுக்கு வேண்டிய சுற்றத்தை ஆண்டுதோறும் கொண்டு வந்து சேர்க்கின்றது. நம்மவர் பொதுவெளியில் எழுப்பியவை பெரும்பாலும் கோபுரங்களும் வாயில்களுமே. பிரிக்பீல்ட்சில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தோரண வாயில் இந்திய அரசின் அன்பளிப்பு. சாஞ்சித் தோரணத்தின் வடிவினது. அழகியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது கூறும் வரலாறு கிள்ளான் பள்ளத்தாக்கில் உழைத்து மடிந்தவர் வரலாறன்று.

சயாம் பாதையின் கணக்கு

1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கின்றனர். அவர்களுள் அடையாளங் காணப்பட்டோர்க்குத் தனித்தனியே பெயர்ப்பலகை உண்டு. ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகையோ 70,000 என்றும் 90,000 என்றும் அதனினும் மிகுதி என்றும் பலவாறு மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினர். போர்க்கைதிக்குப் படைப்பதிவேடு இருந்தது. ஆதலால் இறப்பும் பதிவாயிற்று. தோட்டப் பாட்டாளிக்கு இருந்தது செக்ரோல் மட்டுமே. அவன் தோட்டத்தை விட்டு நீங்கியதும் அதிலிருந்து பெயர் நீங்கிவிடும். மாண்டோர் தொகை ஆயிரக்கணக்கில் முன்பின்னாக மாறுவதே, எவரும் அவர்களைப் பெயர் சொல்லி எண்ணவில்லை என்பதற்குச் சான்று.

காஞ்சனபுரியில் 1944-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படையினரே ஒரு நினைவுத்தூணை எழுப்பினர். பல மொழிகளில் பொறிக்கப்பட்ட அதன் பலகைகளுள் தமிழும் உண்டு. சாவுக்குக் காரணமானவரே முதலில் தமிழில் கல் வைத்தனர் என்பது கசப்பான உண்மை. அங்கும் தனிப் பெயர்கள் இல்லை. 2020-களில் தமிழர் முயற்சியால் ‘நடுகல்’ என்னும் பெயரிலேயே அந்நகரில் ஒரு சின்னம் எழுந்தது போற்றத்தக்கது. ஆயின் பெயர்களைத் தேடித் தரும் கடமை, அம்மக்கள் புறப்பட்ட மண்ணில் வாழும் நம்முடையதே.

நாவல் கல்லாகுமா?

கல் இல்லாத இடத்தை நம் நாவலாசிரியர்கள் நிரப்ப முயன்றனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி 2005-இல் வெளியிட்ட தம் நாவலுக்கு ‘நினைவுச்சின்னம்’ என்றே பெயரிட்டார். அத்தலைப்பைத் திறனாய்வாளர் பலரும் இயல்பானதொரு தலைப்பாகக் கடந்து சென்றுள்ளனர். நம் கருத்தில் அஃது ஒரு குற்றச்சாட்டு. கல் வைக்க வேண்டியவர் வைக்காமையால் எழுத்தாளன் தாளில் வைத்தான் என்பதே அதன் பொருள். அவரே அவசரகால வாழ்வைக் கூறும் நாவலுக்கு ‘லங்காட் நதிக்கரை’ என்று பெயர் சூட்டினார். உலு லங்காட்டு மலைகளில் தோன்றிக் காஜாங் வழியே ஓடும் அதே லங்காட் ஆறுதான் அது. ஒரு நூலின் தலைப்பு சின்னத்தையும், மற்றொன்றின் தலைப்பு இடத்தையும் தருகின்றன.

இந்நாவல்களின் சிறப்பை ஏற்றுக்கொண்டே ஓர் எல்லையைச் சுட்டுதல் கடமையாகும். நாவல் நம்மைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும்; பசியையும் காலராவையும் உணர்த்தும். நடுகல் துறைகளுள் காட்சியும் வாழ்த்தும் அதனால் இயலும், நடுதல் இயலாது. ஏனெனில் நாவல் மாந்தரின் பெயர்கள் புனைந்த பெயர்கள். அம்மாணவியின் பூட்டனார் எந்த நாவலிலும் தம் பெயரோடு வருவதில்லை. அது நாவலின் குறையன்று. இலக்கிய வகையின் இயல்பு.

குறை நம்முடையது. இந்நாவல்களைப் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றை நாம் திருத்தியுள்ளோம். கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, உத்திகள், வரலாற்றுப் பின்னணி என இயல்கள் முறையாக அமைந்திருக்கும். அவற்றை எழுதிய மாணவருள் சிலருக்கேனும் சயாம் சென்றோர் குடும்பத்தில் இருந்திருப்பர். பாத்திரத்தின் பெயரை எழுதுமாறு பணித்த நாம், பாட்டனின் பெயரைக் கேட்டறியுமாறு ஒருநாளும் பணித்ததில்லை. கேட்டறிந்து சொல்லத்தக்கவர் அப்போது உயிரோடிருந்தனர்.

முடிவுரை

காஜாங், மலாயா இரப்பர் வரலாற்றின் தொட்டில்களுள் ஒன்று. 1890-களில் இரப்பர் பயிரிடத் தொடங்கிய இன்ச் கென்னத் தோட்டம் இந்நகரத்தை ஒட்டியதே. வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாம் நாடோறும் செல்லும் வழிகளில் தோட்டத்து மாண்டோர்க்கு ஒரு கல்லைக் கண்டதில்லை. கல் வேண்டும் என்று மனுக் கொடுப்பது எளிது. பெயரின்றிக் கல் நட்டால் அதுவும் மற்றொரு வெற்றுக் கல்லறையாகவே முடியும்.

ஆதலின் முதற்பணி பெயர்த் தொகுப்பு. இந்நாவல்கள் பாடமாக உள்ள ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு மாணவரும் ஒரு பெயரையேனும் கொண்டு வரட்டும்: சென்றவர் பெயர், தோட்டம், பிரிந்த ஆண்டு, இதனைச் சொன்னவர் இன்னார் என்னும் குறிப்பு. செவிவழிச் செய்தி என்று தள்ள வேண்டா. அவ்வாறே குறித்து வைப்பதும் ஆய்வு முறைதான். தமிழாசிரியர்கள் பள்ளியளவில் இதனைத் தொடங்கலாம். துறைகள் தொகுத்துக் காக்கலாம். காட்சி முதல் வாழ்த்து வரையிலான வரிசையில் கல்லைத் தேர்வதே முதனிலை. நமக்கோ அதற்கும் முந்திய ஒரு நிலை எஞ்சியுள்ளது.

அம்மாணவி மறுவாரம் வந்து, தம் பாட்டியிடம் கேட்டறிந்த பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தார். அத்தாள் நம் மேசையறையில் உள்ளது. தொகுப்பின் முதல் வரி அதுவே.