தீர்ப்பு முன்னே, மகிமை பின்னே

எங்கள் ஆச்சி கடைசியாகப் படுத்த வாரத்தில், வீட்டுக்கு வந்த சபை ஐயரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பாவமெல்லாம் மன்னிச்சாச்சுன்னு எப்படி ஐயரே தெரியும்?" எண்பது வயதுவரை ஞாயிறு ஆராதனை தவறாதவள். ஆனால் கிணற்றுப் பங்குத் தகராறில் தங்கச்சியோடு முப்பது வருஷம் பேச்சில்லை. அது அவளை உறங்கவிடவில்லை. ஐயர் ரோமர் நிருபம் எட்டாம் அதிகாரத்தை எடுத்தார். முதல் வசனம் முடிந்ததும் ஆச்சி கையை உயர்த்தினாள். "மறுபடி வாசிங்க." மூன்று தரம் கேட்ட பிறகுதான் அடுத்த வசனத்துக்குப் போகவிட்டாள்.

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது அந்தக் கட்டில்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று தொடங்கி, வரப்போகிற மகிமையைக் காட்டி, எதுவும் பிரிக்கமுடியாத அன்பில் போய் நிற்கிற அதிகாரம் அது. நம் சபைகள் எல்லாமே அதைப் படிக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நின்று படிக்கிறது.

சொல்லிலேயே அந்த வேறுபாடு தெரியும். நாம் வாசிக்கும், 1871-இல் வந்த பவர் திருப்புதலில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கை வந்துவிடுகிறது. வரப்போவதற்குக் காத்திருப்பது எதிர்நோக்கு. நமக்கு மகிமை, அவர்களுக்கு மாட்சி. நமக்கு ஆக்கினைத்தீர்ப்பு, அவர்களுக்குத் தண்டனைத் தீர்ப்பு. எதிர்நோக்கு அருமையான சொல். வாசலில் நின்று தெருவைப் பார்ப்பவரின் கண் அதில் இருக்கிறது. ஆனால் ஆக்கினையை நான் விடமாட்டேன். கட்டளை, தண்டனை என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ஆணையிட்டவரே தண்டிப்பார் என்ற பயம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் 'இல்லை' என்று கேட்கும்போது நெஞ்சு அப்படி இளகுகிறது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவர் வழிவந்த லுத்தரன் மரபுக்கு ரோமர் நிருபம் ஒரு நீதிமன்றம். கூண்டில் நிற்பவன் திருந்திவிட்டான் என்பதற்காக அல்ல, கிறிஸ்துவுக்காகவே நீதிமான் என்று தீர்க்கப்படுகிறான். மனசு அதை உணர்ந்தாலும் உணராவிட்டாலும் தீர்ப்பு செல்லும். இந்த மரபில் வேதத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ், முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தவர், 1791-இல் இறந்தார். தாம் திருத்தித் திருத்தி எழுதிய வசனங்களை அந்த அறையில் அவர் எப்படி நினைத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மெதடிஸ்டுகளோ தீர்ப்பு உள்ளத்துக்கும் தெரியவேண்டும் என்பவர்கள். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டபோதுதான் ஜான் வெஸ்லிக்கு அந்த நிச்சயம் கிடைத்தது.

நெல்லைச் சீமை இந்த நிச்சயத்தை வழிநடையாகப் பாடியது. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். ஜான் பனியனின் கதையைக் கம்பன் வழிவந்த விருத்தத்தில் ஏற்றிய காப்பியம். அந்தக் கதையில் ஓர் இடத்தைக் கவனிக்கவேண்டும். யாத்திரிகனின் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையருகே கழன்று விழுகிறது. ஆனால் அது பயணத்தின் முடிவல்ல. பெரும்பகுதி வழி இன்னும் கிடக்கிறது. கஷ்டகிரி, சந்தைக்கடை, அவநம்பிக்கையின் சிறை, கடைசியில் ஆறு. எல்லாம் சுமை போன பிறகு வருபவை. மகிமையின் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மன்னிப்பு கிடைக்கும் என்று அவன் நடக்கவில்லை. மன்னிப்பு கிடைத்தவன் என்பதால் நடக்கிறான்.

ஒரு பிரசங்கத்தையோ கீர்த்தனையையோ எடைபோட எனக்கு இந்த வரிசைதான் முதல் அளவுகோல். மகிமையை முன்னால் தொங்கவிட்டு, 'தகுதியானால் கிடைக்கும்' என்று மிரட்டுகிற பேச்சில் சுவிசேஷம் இல்லை.

கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். காற்றுக்கு அணையாமல் கையைக் குவித்துப் பிடித்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் அவர்கள் நினைவுகூரும், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் ஆக்கினைக்குட்பட்டவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு, மீட்பு உறுதியானவர்கள், தூய்மையாகிறவர்கள் என்பதே கத்தோலிக்கப் போதனை. தீர்ப்பைப் பற்றியும் இடைவெளி குறைந்திருக்கிறது: 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள்.

1920-களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் முதலான சபைகளுக்கு மகிமை என்றால் கிறிஸ்துவின் வருகை. வெள்ளுடையும் காத்திருப்பு ஜெபமும் அந்த ஆயத்தத்தின் அடையாளங்கள். நாம் மறந்துபோன அவசரத்தை அவர்கள் காத்துவைத்தார்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். வருந்தவேண்டியது வேறொன்றுக்காக: சில ஆசீர்வாதக் கூட்டங்களில் அந்த மகிமை இப்போதே கிடைக்கும் வீடாகவும் காராகவும் சுருங்கிவிட்டது.

எட்டாம் அதிகாரத்தில் மூன்று தவிப்புகள் உண்டு. சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுகிறார். இந்தப் பெருமூச்சுக்கு இடம் இருக்கிறதா என்பது என் இரண்டாவது அளவுகோல். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சுனாமி அலைக்குப் பிறகு குளச்சல் கரையில் கூட்டமாக அடக்கம் செய்யப்பட்டவர்களின் குழியருகே நின்று சொல்லக்கூடிய நம்பிக்கையாக இருந்தால்தான் அது பவுல் சொன்ன நம்பிக்கை.

ஐயர் போன அன்று சாயங்காலம் ஆச்சி, "சின்னவளுக்குச் சொல்லிவிடுங்க" என்றாள். மறுநாள் விடிந்ததும் சின்ன ஆச்சி மேலத்தெருவிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். கிணற்றைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியை ஆற்றி ஆற்றி, கரண்டியால் அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.