வளைகுடா வலைப்பூ: முகப்பு வழியாக நுழையாதீர்கள்

வலைப்பூ என்றதும், "அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்கிறார்கள். இருக்கிறது. துபாய், ஷார்ஜா, மஸ்கட், தோஹா என்று வேலை பார்த்துக்கொண்டே தமிழில் எழுதியவர்களின் பக்கங்கள் இன்றும் திறக்கின்றன. வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்ததைத் திறந்து, தோற்றத்தை மாற்றி, மறுபடி எழுத வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காமல் நாள் முழுக்க ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக வருகிறது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டெம்ப்ளேட் என்பது தோற்றம். அதை மாற்றினால் எழுத்து மாறாது. ஓரத்தில் இருப்பது சைட்பார்: குறிச்சொற்கள், மாதவாரியாகப் பழைய பதிவுகள், அவர் படிக்கும் மற்ற வலைப்பூக்கள். பதிவின் கீழே பின்னூட்டம். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் தமிழ்த் தட்டச்சுக் கவலையைத் தீர்த்தன. வரலாறு இது போதும்.

தோற்றத்தில் முதலில் பார்க்க வேண்டியது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் 'கீ'யின் மேல்சுழியும் மேல்வரியில் உள்ள 'மூ'வின் கீழ்ச்சுழியும் மோதிக்கொள்ளும். இரு ஓரமும் சமப்படுத்தினால் இன்னும் மோசம். நம் சொற்கள் நீளமானவை, நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இந்த இரண்டையும் சரிசெய்தவர் தன் வாசகரின் கண்ணை நினைத்தவர். மற்றபடி, இப்போது எல்லாரும் மாட்டும் அந்த வெள்ளை வெளேர் 'மினிமல்' டெம்ப்ளேட் வெறும் சோம்பேறித்தனம், பல் ஆஸ்பத்திரி வரவேற்பறை மாதிரி. 2011-ல் பிளாக்கர் கொண்டுவந்த டைனமிக் வியூஸ் என்ற டெம்ப்ளேட்டைப் பளபளப்புக்காக மாட்டியவர்கள் சைட்பாரையே பறிகொடுத்தார்கள். சைட்பார் இல்லாத வலைப்பூவில் யாரோடு பழகியவர் இவர் என்பதே தெரியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வலைப்பூவைப் புதுப்பிப்பவர்களில் இரண்டு வகை உண்டு: திருத்துகிறவர், தொடர்கிறவர். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

2009-ல் எழுதிய பதிவில் 'புர்ஜ் துபாய்' என்று இருக்கும். 2010 ஜனவரி 4, திறப்பு விழாவில்தான் அது புர்ஜ் கலீஃபா ஆனது. திருத்துகிறவர் தேடிப்பிடித்து மாற்றிவிடுவார். தொடர்கிறவர் தொடமாட்டார், தேவையென்றால் கீழே தேதி போட்டு ஒரு பின்குறிப்பு எழுதுவார். வெள்ளிக்கிழமை விடுமுறையும் அப்படித்தான். 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் சனியும் ஞாயிறும் வார விடுமுறை, வெள்ளி அரைநாள். பழைய பதிவில் வெள்ளிக்கிழமைத் தூக்கமும் மதியப் பிரியாணியும் அப்படியே இருந்தால்தான் அந்த வாழ்க்கை அதில் இருக்கும். பதிவான நேரத்தையும் பாருங்கள். நீளமான பதிவுகள் பல வியாழன் பின்னிரவில் ஏறியிருக்கும். பலர் சேர்ந்து தங்கும் பெட்ஸ்பேஸ் அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, காலையில் எழ வேண்டாத ஒரே இரவு அது.

திருத்துகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி இருக்கிறது. பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் போட்டு வெளியிட்டால், முகவரி வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஏதோ எண்ணாகவும் விழும். விவரமானவர்கள் தலைப்பை முதலில் ஆங்கில எழுத்தில் தட்டி வெளியிட்டு, பிறகு தமிழுக்கு மாற்றினார்கள். முகவரி மட்டும் முதலில் தட்டியபடியே நின்றுவிடும். ஆகவே தலைப்பில் 'பாலையில் ஒரு நினைவுத் துளி' என்று இருந்து, முகவரியில் ஆங்கில எழுத்தில் 'தேரா மழை' என்று இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். துபாயின் தேராவில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நடந்த மனிதரை, பிற்பாடு எழுத்தாளரான அவரே விரட்டிவிட்டார்.

விமர்சகர்கள் சிலர் இருக்கிறார்கள், புத்தகமாக வந்தால்தான் எழுத்து என்பார்கள். புத்தகத்தில் பின்னூட்டம் எங்கே வரும்? 2009 செப்டம்பரில் துபாய் மெட்ரோ ஓடத் தொடங்கியதைப் பற்றிய பதிவுக்குக் கீழே ஒருவர் பயணத்துக்கான நோல் கார்டு எங்கே வாங்குவது என்று கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் வந்து இருவரையும் கலாய்ப்பார். பதிவின் பாதி அங்கேதான் இருக்கிறது. அதைக் கத்தரித்துவிட்டு அட்டை போட்டு விற்பதில் என்ன பெருமை?

உங்களிடம் சொல்வதற்கென்ன, புதுப்பித்த வலைப்பூ எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது வெட்டி அரட்டைப் பதிவுகளுக்குப் போடும் 'மொக்கை' என்ற குறிச்சொல்லைத்தான். வயதும் பதவியும் வந்தவர்கள் வெட்கப்பட்டு முதலில் அழிப்பது அதையும், கூடிக் கலாய்க்கும் பதிவுகளுக்கான 'கும்மி'யையும்தான். அது உயிரோடு இருந்தால், புதிய பதிவிலும் அந்தக் குறும்பு எங்காவது எட்டிப்பார்க்கும். அழித்தவர்களின் புதிய பதிவுகள் அறிவுரையாக மாறியிருக்கும். மூன்று பத்தி தாண்டாது என் பொறுமை.

ஆகவே முகப்பில் இருக்கும் புதிய பதிவில் தொடங்காதீர்கள். மாதப் பட்டியலில் ஏதாவதொரு நோன்பு மாதத்தையோ ஆகஸ்ட்டையோ திறவுங்கள். அதில் ஒரு மொக்கைப் பதிவைப் படியுங்கள், பின்னூட்டங்களோடு. அதன் பிறகு இந்த வருடம் எழுதியதற்கு வாருங்கள். ஏதாவது கேட்கத் தோன்றினால் அந்தப் பழைய பதிவின் கீழேயே கேளுங்கள். பல பேர் பின்னூட்டம் மின்னஞ்சலுக்கு வரும்படி அன்றைக்கே அமைத்து வைத்திருக்கிறார்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு பதிவின் கீழே கேளுங்கள்.