மேற்கே, இன்னும் மேற்கே!

ராஜஸ்தான் போகப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "எந்த வரிசையில்?" என்று பிடித்துக்கொள்வேன். ஜெய்ப்பூரை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள் சாமி! உதய்ப்பூரில் வண்டியை எடுத்து, கும்பல்கர், ராணக்பூர், ஜோத்பூர், ஒசியான் என்று மேற்கே போய் ஜெய்சல்மேரில் நிறுத்துங்கள். ஆரவல்லியின் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வற்றி மணலாவதை ஜன்னலோரமாகவே பார்த்துவிடலாம். விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு ஏது இந்த யோகம்!

கும்பல்கருக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். ராணா கும்பா 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. மகாராணா பிரதாப் 1540-இல் பிறந்த இடம். மதில் மட்டும் 36 கிலோமீட்டர்! பார்த்து முடித்து மலையிறங்கினால் ராணக்பூருக்கு நேரம் சரியாக இருக்கும். அங்கே சமணக் கோயிலுக்குள் சுற்றுலாப் பயணிகளைப் பகல் 12 மணிக்கு மேல்தான் விடுவார்கள். தோல் பெல்ட், பர்ஸ் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

அந்தக் கோயிலை என்னவென்று சொல்ல! 1,444 பளிங்குத் தூண்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்கிறார்கள். என்னை மயக்கியது ஒரு வட்டப் பளிங்குப் பலகை. நடுவில் பார்சுவநாதர், தலைக்கு மேல் படமெடுத்த நாகங்கள், சுற்றிலும் முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடக்கும் பாம்புடல்கள். ஒரு வாலில் தொடங்கி அதன் தலையைக் கண்ணால் தேடிப் போனேன். கழுத்து வலித்ததே தவிர, தலை அகப்படவில்லை!

ஜோத்பூரில் 1459-இல் எழுந்த மெஹ்ரான்கர் கோட்டை. 'லோஹா போல்' என்ற வாசலில் உடன்கட்டை ஏறிய அரசகுலப் பெண்களின் கைத்தடங்கள் இருக்கின்றன. அங்கே மட்டும் வாயடைத்துப் போய்விடும். கீழே இறங்கியதும் சுடச்சுட மிர்ச்சி வடா. ஒசியானில் பிரதிகாரர் காலத்துக் கோயில்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

பிறகு ஜெய்சல்மேர்! 1156-இல் தொடங்கிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வாசலில் பசு, திண்ணையில் தாத்தா, கொடியில் துணி. எல்லாவற்றுக்கும் மஞ்சள் கல்லே பின்னணி. சாயங்கால வெயிலில் ஊரே தகதகக்கிறது. ஆனால் தங்குவது கோட்டைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே பெருகிவிட்ட தண்ணீர்ப் புழக்கம் கசிந்து கசிந்து அடித்தளத்தை அரிக்கிறது. சாப்பாட்டில் கேர் சாங்ரியை விட்டுவிடாதீர்கள். சாங்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியின் காய்தான். கம்பு ரொட்டியோடு, அடடா!

மணல் மேட்டுக்கு எல்லாரும் சாம் போவார்கள். என் ஓட்டு, கூட்டம் குறைந்த கூரிக்குத்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ராத்திரிக்கு ஸ்வெட்டர் அவசியம். மாங்கணியார் பாட்டுக்காரர்கள் வந்தால் கர்தாலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைக்கு இரண்டு மரத்துண்டு, அவ்வளவே. அவர்கள் விரலில் குதிரை பறக்கிறது. என் கையில் டக், டக் என்றதும் கூட்டமே சிரித்தது!