பி குரூப் ஆண்களுக்கு கொரோனா ஆபத்து அதிகமா?

டெல்லி சர் கங்கா ராம் மருத்துவமனையின் ஆய்வு 2021 நவம்பரில் வந்தது. 2020 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே தொற்று உறுதியான 2,586 பேரின் ரத்த வகையைப் பார்த்திருக்கிறார்கள். ஏ, பி, ஆர்ஹெச் பாசிட்டிவ் என்றால் தொற்று வாய்ப்பு கூடுதல்; ஓ, ஏபி, ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் குறைவு. பி வகையில் பெண்களை விட ஆண்களுக்கு அதிகமாம். நான் பி பாசிட்டிவ்!

அண்ணாமலை நகரில் எங்க தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு இது வந்து சேரும்போது "ஓ குரூப்புக்கு கொரோனா வராது" என்று சுருங்கிவிட்டது.

சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களின் ஊழியர்கள், குடும்பத்தினர் 10,427 பேரிடம் ஆன்டிபாடி சோதித்த இன்னொரு ஆய்வும் இருக்கு. அதிலும் ஓ வகைக்குக் குறைவுதான். ஆனால் ஏபி? ஆபத்து அதிகம் என்ற பக்கம்! புகைபிடிப்பவர்களுக்கும் தொற்று குறைவு என்று அதே ஆய்வில் வருது. அதை நம்பி யாராவது சிகரெட் வாங்குவாங்களா?

ஓ வகை ரத்தத்தில் ஏ, பி இரண்டுக்குமே எதிர்ப்பொருள் இருப்பதால், ஓ விஷயத்தில் ஏதோ இருக்கலாம். ஆண்-பெண் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம். ரத்த வகை நான்கு, ஆர்ஹெச் இரண்டு, பாலினம் இரண்டு: மொத்தம் 16 கூறு. இப்படி வெட்டிக்கொண்டே போனால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே தூக்கலாகத் தெரியும். தவிர, ஊரடங்கில் கடைக்கும் வேலைக்கும் அதிகமாக வெளியே போனது யாரு?

வாட்ஸ்அப்பில் வராத முடிவு ஒன்று டெல்லி ஆய்விலேயே இருக்கு: நோயின் தீவிரத்துக்கும் மரணத்துக்கும் ரத்த வகையோடு தொடர்பு தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதைத்தான் படித்துக் காட்டினேன். ஓ பாசிட்டிவ், கூடவே சர்க்கரை. இரண்டாவது டோஸ் எதுக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தார்.