ஓட்டத் தெரிந்தவருக்கு நடத்தவும் தெரியுமா?

அமெச்சூர் கார் பந்தய சங்கத்தில் தகராறு என்றால் நாம் உடனே ஆளைத்தான் குறை சொல்வோம். தலைவர் சரியில்லை, கமிட்டி முழுக்க அவர் ஆட்கள், அடுத்த தேர்தலில் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ., அதன் முதல் 25 வருட வரலாற்றைப் படித்தபிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. கோளாறு ஆளில் இல்லை, அமைப்பில்.

1944-ல் தொடங்கிய சங்கம் அது. கார் பைத்தியங்கள் சிலர் கூடி ஆரம்பித்தது. ஆரம்பத்தில் பந்தயம்கூட முக்கிய நோக்கம் இல்லை. 1948-ல் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற சின்ன ஊரின் தெருக்களிலும் சுற்றியுள்ள சாலைகளிலும் பந்தயம் நடந்தது. ஓட்டுபவர், விதி போடுபவர், கொடி காட்டுபவர் எல்லாரும் நண்பர்கள். கேட்க இனிமையாக இருக்கிறது இல்லையா? சிக்கலும் அங்கேதான்.

1950-ல் அதே ஊர்ப் பந்தயத்தில் சாம் காலியர் என்ற ஓட்டுநர் இறந்தார். பந்தயம் தெருவிலேயே தொடர்ந்தது. 1952-ல் ஒரு கார் ஓரத்தில் நின்ற கூட்டத்தில் மோத, ஏழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பலருக்குக் காயம். அந்தக் காரை ஓட்டியவர் ஃபிரெட் வேக்கர். சங்கத்தின் தலைவரும் அவரேதான்!

வேக்கர் மேல் பழி போட நான் வரவில்லை. தெருவோரத்தில் அவ்வளவு நெருக்கமாகக் கூட்டம் நின்றால் யார் ஓட்டியிருந்தாலும் அது நடந்திருக்கலாம். என் கேள்வி வேறு. பந்தயத்தை நிறுத்தச் சொல்லும் இடத்தில் இருக்கிறவரே ஸ்டார்ட்டிங் வரிசையில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தால், நிறுத்தச் சொல்வது யார்? கெட்டவர்கள் யாரும் இல்லாமலே இப்படி ஒரு ஓட்டை விழுந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வந்த தீர்வும் உள்ளேயிருந்து யோசித்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமே ஸ்போர்ட்ஸ் கார் பிரியர். அவர் தன் விமானத் தளங்களைத் திறந்துவிட்டார். 1952 முதல் 1954 வரை ரன்வேக்களில் பந்தயம். கூட்டம் தள்ளி நின்றது. நல்லதுதான், ஆனால் ஒரு தனி மனிதரின் தயவு அது. அரசியல்வாதிகள் கேள்வி கேட்டதும் அந்தக் கதவு மூடியது.

அடுத்தது காசு விவகாரம். பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பது சங்கத்தின் புனித விதி. ‘விளையாட்டுக்காக விளையாட்டு.’ கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சொந்தப் பணத்தில் ஃபெராரி வாங்க முடிந்தவருக்கு அந்த விதி ஒன்றும் செய்யாது. திறமை இருந்தும் பணம் இல்லாதவர், பணக்காரர் ஒருவரின் காரை ஓட்டக் காத்திருக்க வேண்டும். 1958-ல் போட்டி அமைப்பான யூசாக் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பரிசுப் பணத்தோடு பந்தயம் நடத்தியது. நல்ல ஓட்டுநர்கள் அங்கே போனார்கள். எஸ்.சி.சி.ஏ. இறங்கி வர இன்னும் சில வருடங்கள் ஆயின. 1963-ல்தான் அதன் சொந்தத் தொழில்முறைத் தொடர் வந்தது.

இறங்கி வந்தபிறகாவது சரியானதா? 1966-ல் கேன்-ஆம், டிரான்ஸ்-ஆம் என்று இரண்டு பெரிய தொடர்கள். அவற்றை வளர்த்ததில் முக்கியப் பங்கு நிர்வாக இயக்குநர் ஜான் பிஷப்புக்கு. சம்பளத்துக்கு வேலை செய்த நிர்வாகி அவர், மேலே உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு. அதிகாரம் யார் கையில் என்ற இழுபறியில் 1969-ல் ராஜினாமா செய்தார். அதே வருடம் நாஸ்கார் நிறுவனர் பில் ஃபிரான்ஸின் உதவியோடு ஐ.எம்.எஸ்.ஏ.வைத் தொடங்கினார். சங்கம் தன் போட்டியாளரைத் தானே உருவாக்கி அனுப்பிவைத்தது.

‘அப்போ சங்கத்தைக் கம்பெனியாக்கிடலாமா?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் நானும் தடுமாறினேன். பிஷப் 1989-ல் ஐ.எம்.எஸ்.ஏ.வை விற்றார், பிறகு அது பல கை மாறியது. சங்கத்தை அப்படி யாரும் விற்க முடியாது. எஸ்.சி.சி.ஏ. இன்றும் இருக்கிறது, சனி ஞாயிறுகளில் வெயிலில் சம்பளமில்லாமல் கொடி பிடிக்கும் ஆட்களால்.

அதனால் அமெச்சூர் என்பது குற்றமில்லை. ஆசையால் வருகிறவர்கள்தான் இந்த விளையாட்டின் உயிர். ஆனால் ஆசை மட்டுமே தலைமைக்குத் தகுதி ஆகிவிடாது. நான் ஒரு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதாக இருந்தால் தலைவர் எவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்று கேட்க மாட்டேன். பந்தயம் நடக்கும் நாளில் ‘இன்னைக்கு வேண்டாம், நிறுத்துங்க’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அன்று ஓட்டுகிறாரா என்று கேட்பேன். பதில் வரத் தாமதமானால், கேலரியில்கூட உட்கார மாட்டேன்.