சென்னையின் எஃப்சி: பருவவாரி வரலாறு – ஒரு மதிப்பீடு

சென்னையின் எஃப்சி கால்பந்துக் கழகம் 2014-இல், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய ஆண்டிலேயே உருவானது. அதன் வரலாறு பெரும்பாலும் அட்டவணையாகவே எழுதப்படுகிறது. ஒரு பருவத்துக்கு ஒரு வரி. அதில் ஆட்டங்கள், வெற்றி, தோல்வி, புள்ளிகள், பிடித்த இடம், அதிக கோல் அடித்தவர். ஐரோப்பியக் கழகங்களுக்காக உருவான இந்த வடிவம் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றின் வரலாற்றைச் சொல்லப் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஸ்பானிய முன்மாதிரி

ஸ்பெயினின் லா லிகா 1929-இல் தொடங்கியது. அன்று முதல் ஒருமுறைகூட இரண்டாம் நிலைக்கு இறங்காத கழகங்கள் மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக் பில்பாவோ. அங்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதால், அட்டவணையில் உள்ள இடம் ஒரு கழகத்தின் வாழ்வையே தீர்மானிக்கிறது. வெற்றிடத்துக்கும் அங்கு பொருள் உண்டு. 1936 முதல் 1939 வரை லீக் நடைபெறவில்லை. காரணம் உள்நாட்டுப் போர். பில்பாவோ, பாஸ்க் நிலத்தில் பிறந்த அல்லது அங்கு கால்பந்து கற்ற வீரர்களையே களமிறக்கும் கழகம். இதை அறிந்த வாசகருக்கு அதன் ஒவ்வொரு வரியும் ஒரு மண்ணின் கணக்காகத் தெரியும்.

‘இடம்’ என்னும் கட்டம்

2014-இல் சென்னையின் எஃப்சி 14 ஆட்டங்களில் 23 புள்ளிகள் பெற்று லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்றது. 2015-இல் லீக் சுற்றில் மூன்றாம் இடமே கிடைத்தது. கோப்பையோ சென்னைக்கு வந்தது. 2017-18-இல் லீக் சுற்றில் இரண்டாம் இடம் பெற்ற அணி, இறுதிப்போட்டியில் பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்றது.

அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகள், பத்தாம் இடம், அதாவது கடைசி இடம். ஸ்பெயினில் இந்த இடம் கீழிறக்கத்தைக் குறிக்கும்; ஐஎஸ்எல்-இல் அன்று கீழிறக்கம் இல்லை. அதே பருவத்தில் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ் போன்ற ஸ்பானிய வீரர்களுடன் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஆனால் அந்த வெற்றியைக் கொண்டு ஐஎஸ்எல்-இல் நுழைய வழி இல்லை. கடைசியில் வந்த அணி இறங்கவில்லை, முதலில் வந்த அணி ஏறவில்லை. இந்திய லீக் அமைப்பின் இந்தக் குறையை ‘10’ என்ற எண்ணால் மட்டும் காட்ட முடியாது. கடைசி இடம் பிடித்த அதே சென்னையின் எஃப்சி, 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிப்போட்டி வரை சென்றதையும் லீக் அட்டவணை சொல்வதில்லை.

சொந்த மைதானம்

2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையையும், செங்கல்பட்டும் மாமல்லபுரமும் அப்போது சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தையும் தாக்கியது. அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. அது புனேவுக்கு மாற்றப்பட்டது. ஸ்பெயினின் அத்லெடிகோ மாட்ரிட் அப்போது பங்குதாரராக இருந்த அந்த அணியைச் சென்னையின் எஃப்சி 3-0 என வீழ்த்தியது. சொந்த ஊர் நீரில் மூழ்கியிருந்த நாட்களில் கிடைத்த வெற்றி அது. அட்டவணையில் அதுவும் ‘சொந்த மைதான வெற்றி’ என்றே பதிவாகும்.

2020 மார்ச் 14 அன்று ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்ற இறுதிப்போட்டி, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இல்லாத கோவா மைதானத்தில் நடந்தது. அடுத்த இரு பருவங்களும் முழுக்கக் கோவாவிலேயே நடந்தன. இரண்டிலும் எட்டாம் இடம். ஸ்பெயினின் போர் ஆண்டுகள் வெற்றிடமாகவாவது நிற்கின்றன. இங்கோ வெள்ளமும் தொற்றும் வழக்கமான எண்களுக்குள் மறைந்துவிடுகின்றன.

விடுபடும் பெயர்கள்

அதிக கோல் அடித்தவர் என்னும் கட்டத்தில் வருபவர்கள் பிரேசிலின் எலானோ (2014), கொலம்பியாவின் மென்டோசா (2015), மிசோரமின் ஜெஜே (2017-18), லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் (2019-20). இவர்களின் பங்கு மறுக்க முடியாதது. ஆனால் 2017-18 வாகையர் அணியின் நடுக்களத்தில் ஆடிய சென்னை வீரர் தனபால் கணேஷும், சென்னை சிட்டியில் பட்டம் வென்றபின் 2019-20 சென்னையின் எஃப்சி அணியில் ஆடிய தமிழ்நாட்டு வீரர் எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் இந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. கோல் அடிப்பவரை மட்டும் எண்ணும் வரலாறு, பந்தைப் பறித்துக் கொடுப்பவரை மறந்துவிடுகிறது.

மதிப்பீடு

அட்டவணை தவறான வடிவம் அன்று, அரைகுறையான வடிவம். ஆட்டம் உண்மையில் நடந்த ஊர், அணியில் ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள், அந்த ஆண்டின் லீக் விதி ஆகிய மூன்று கட்டங்களைச் சேர்த்தாலே வரலாறு தெளிவாகும். இன்று எஃப்சி மெட்ராஸின் உறைவிடப் பயிற்சி மையம் மாமல்லபுரத்தில் இருக்கிறது. அங்கோ செங்கல்பட்டுப் பள்ளி மைதானங்களிலோ பந்தை உதைக்கும் ஒரு மாணவருக்கு, சென்னை எந்த ஆண்டு எத்தனையாவது இடம் பிடித்தது என்பதைவிட, தன்னைப் போன்றவர்கள் அந்த அணியில் எந்தப் பொறுப்பில் ஆடினார்கள் என்பதே பயனுள்ள தகவல்.